ஊமத்தை தின்னாமலே வரும் உளறல்

ஏரிக்கரையிலும் குப்பைமேட்டிலும் யாரும் விதைக்காமல் முளைத்து நிற்கும் ஊமத்தையை வேலூர்ப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பூ சிவனுக்குப் போகும். காயைப் பிள்ளைகள் தொட்டால் பெரியவர்கள் கையைத் தட்டிவிடுவார்கள். விதை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதும் ஊருக்குத் தெரியும். வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். உடம்பு கொதிக்கும், ஆனால் ஒரு சொட்டு வியர்க்காது. சிறுநீர் கட்டிக்கொள்ளும். இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும், கை காற்றில் நூல் பிடிக்கும்.

இதைச் செய்பவை அந்தச் செடியில் இருக்கும் அட்ரோபினும் ஸ்கோபோலமினும். எச்சில் சுரக்க, குடல் நகர, மூத்திரப்பை சுருங்க, வியர்வை வர, மூளையில் கவனமும் ஞாபகமும் தங்க, நரம்பு நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட வேண்டும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் இவை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. இப்படி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஆன்டிகோலினெர்ஜிக் என்று பொதுப்பெயர்.

முதியோர் இல்லத்து மருந்து அலமாரியைத் திறந்தால், வெவ்வேறு பெயரில், வெவ்வேறு காரணத்துக்காக, இதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் மாத்திரைகள் நாலைந்தாவது இருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன டோஸ்தான். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆயா உளற ஆரம்பித்ததும் ‘வயசாயிடுச்சி இல்ல’ என்று விஷயம் முடிந்துவிடுகிறது.

ஒரு சொல் விளக்கம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் ‘நர்சிங் ஹோம்’ என்று வருவது, முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கி, நர்ஸ் கையால் மருந்து வாங்கிக்கொள்ளும் இல்லம். நம் ஊரில் அந்தப் பலகையை மாட்டியிருப்பது பத்துப் படுக்கை தனியார் ஆஸ்பத்திரி. இந்தக் குழப்பத்தால், அங்கே முதியோர் இல்லங்களுக்காக எழுதப்பட்ட எச்சரிக்கைகளை இங்கே ஆஸ்பத்திரிக்காரர்கள் படிக்கிறார்கள், இல்லம் நடத்துபவர்கள் படிப்பதில்லை. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-இல் வெளியிட்ட, ‘முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள்’ பட்டியல் முதலில் எழுதப்பட்டதே இல்லவாசிகளை மனதில் வைத்துத்தான். அது இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது. 2023-இலும் ஒரு திருத்தம் வந்தது. அமெரிக்க இல்லங்களில் ஒவ்வொருவருடைய மருந்துச் சீட்டையும் மாதம் ஒருமுறையாவது ஒரு மருந்தாளுநர் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அந்த வேலை, மூன்று வேளையும் டப்பாவில் மாத்திரை பிரித்துப் போடும் அக்காவின் தலையில் விழுகிறது. இதை எழுதுவது பெரும்பாலும் அவருக்காகத்தான்.

ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு மாதிரிச் சீட்டு. 76 வயது, 46 கிலோ, சர்க்கரை, பிரஷர். இல்லத்துக்கு வந்து எட்டு மாதம். பெயர் வேண்டாம், ஆயா என்றே வைத்துக்கொள்வோம்.

காலையில் மெட்ஃபார்மின். கூடவே டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை. வந்த புதிதில் அழுதுகொண்டே இருந்ததால் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம். இரவில் கால் எரிச்சலுக்கு ‘நரம்பு மாத்திரை’, அதாவது பிரிகாபலின் 75, நார்ட்ரிப்டிலின் 10 சேர்ந்த கேப்ஸ்யூல். இவ்வளவுதான் எழுதிய சீட்டு. எழுதாத சீட்டு வேறு இருக்கிறது. மூக்கு ஒழுகினால் மெடிக்கலில் வாங்கும் சளி மாத்திரை. அதோடு ஒரு இருமல் சிரப். வயிற்றை முறுக்கினால் மெஃப்டால் ஸ்பாஸ். சாப்பாடு இறங்கவில்லை என்று மகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பசி சிரப், அதாவது சைப்ரோஹெப்டடின்.

இப்போது கூட்டுவோம். இதற்கென்று ஒரு அளவுகோல் உண்டு. மருந்துக்கு 1, 2, 3 என்று மதிப்பெண். மொத்தம் 3-ஐத் தொட்டாலே மூளைக்குச் சுமை என்று கணக்கு. நார்ட்ரிப்டிலின் 3. சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் 3. மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் அமிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டைசைக்ளோமின் 3. சைப்ரோஹெப்டடின் 2. எல்லாம் ஒன்றாக விழுகிற வாரத்தில் 11. இதில் 8 மதிப்பெண் எந்த மருத்துவரும் எழுதாதது.

இதே 3 மதிப்பெண் வரிசையில் இன்னும் சிலவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின், பராக்ஸிட்டின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்ஸிசின், வாந்திக்கும் தூக்கத்துக்கும் தரும் புரொமெத்தசின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில். தூக்கத்துக்கென்று இரவில் போடும் குவெட்டியாபின், ஒலான்சபின்கூட 3-தான். ஃபுரோசமைடு, டிகாக்ஸின், மெட்டப்ரோலால் போன்ற சாதாரண இதய மருந்துகளுக்கும் தலைக்கு 1 உண்டு. அவற்றுக்காக யாரும் பயப்பட வேண்டாம், கூட்டலில் மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

அளவுகோலைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது மருந்தின் பெயரைப் பார்க்கிறதே தவிர டோஸைப் பார்ப்பதில்லை. அமிட்ரிப்டிலின் 10-க்கும் 3, 75-க்கும் 3. எங்கே சுமை குவிகிறது என்று விரலைக் காட்டும். எதை எடுப்பது என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

களி இறங்காததிலிருந்து ஆரம்பிப்போம்

இந்த மருந்துகள் முதலில் தாக்குவது வாயை. நம் பக்கத்து ஆயாக்களுக்குச் சாப்பாடு என்றால் களிதான். கேழ்வரகுக் களியை மென்று தின்பதில்லை; குழம்பில் புரட்டி, உருட்டி, அப்படியே விழுங்குவார்கள். அதற்கு எச்சில் வேண்டும். எச்சில் வற்றினவருக்கு உருண்டை தொண்டையில் நிற்கும். இரண்டு முறை நின்றதும் ‘எனக்கு வேணாம்’ என்று தட்டைத் தள்ளிவிடுவார். பல்செட் கட்டியவர்களுக்கு ஈறில் உராய்ந்து புண் வரும். நாக்கில் வெள்ளை படியும். எடை குறையும். ‘பசியில்லை’ என்று சைப்ரோஹெப்டடின் சிரப் வரும். அதுவும் எச்சிலை வற்றவைக்கும் மருந்துதான். இப்போது கூழும் இறங்காது.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து தருவது, முதியோர் இல்லங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னும் சில சங்கிலிகள் உண்டு. மறதி நோய்க்கு டோனெபெசில் தருகிறார்கள். அது மூத்திரப்பையை முடுக்கிவிடும். அடக்க முடியாமல் போகிறது என்று ஆக்ஸிபியூட்டினின் சேர்க்கிறார்கள். முதல் மருந்து அசிடைல்கோலினைக் கூட்டுகிறது, இரண்டாவது அதைத் தடுக்கிறது. ஒரே வண்டியில் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்த மாதிரி. இன்னொன்று: கத்துகிறார் என்று ஹாலோபெரிடால் தருவது, கை நடுங்கி உடம்பு விறைக்கிறது என்று அதன்மேல் டிரைஹெக்ஸிஃபெனிடில் போடுவது, அதனால் உளறல் கூடியதும் ஹாலோபெரிடாலை இன்னும் ஏற்றுவது.

மலச்சிக்கலில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. நாலு நாள் போகாதவர் ஐந்தாம் நாள் தண்ணி தண்ணியாகப் போவார். பேதி என்று லோபரமைடு கொடுத்துவிடுவார்கள். உண்மையில் உள்ளே கல்லாக இறுகிய மலத்தின் ஓரமாக நீர் மட்டும் கசிகிறது. ஆகவே மோஷன் நோட்டு இல்லாமல் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கக் கூடாது. நோட்டில் தேதிக்கு நேராக ஒரு டிக் போதும். மூன்று நாள் டிக் இல்லையென்றால் நர்ஸிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். படுக்கையிலேயே இருப்பவருக்கு, தண்ணீரும் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் உமி கொடுப்பதும் தவறு. நகராத குடலில் அது ஊறி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு லாக்டுலோஸ் மாதிரி மலத்தில் நீரை இழுத்து வைக்கும் மருந்துதான் ஒத்துவரும்.

சிறுநீரிலும் இதே வித்தைதான். துணி எந்நேரமும் ஈரமாக இருந்தால் ‘அடக்க முடியவில்லை’ என்று அர்த்தம் இல்லை. பை நிரம்பி வழிந்து சொட்டுவதும் அப்படித்தான் தெரியும். தொப்புளுக்குக் கீழே கையை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். உருண்டையாகக் கெட்டியாக இருந்து, தொட்டதும் முகம் சுளித்தால் நீர் தேங்கியிருக்கிறது. அங்கே ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தால் முழுக்க அடைத்துவிடும். புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு ஒரே ஒரு சளி மாத்திரை போதும், ராத்திரியோடு ராத்திரியாக டியூப் போட ஓட வேண்டியிருக்கும்.

கண் சிவந்து, வலித்து, தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறுகிய கோணக் கண்ணழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும். சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம்.

அமைதியாகிவிட்டார் என்றால்

உளறல் என்றதும் கத்துவது, ராத்திரி எழுந்து நடப்பது, துணியை உருவுவது என்றுதான் நினைப்போம். முதியவர்களிடம் சத்தமில்லாத உளறலும் உண்டு. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருப்பார். ‘புது மாத்திரை கேட்டுகிச்சி, ஆயா அமைதியாயிட்டாங்க’ என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போவார்கள். இல்லத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்த வாக்கியம்தான். கத்துபவரை யாராவது கவனித்துவிடுவார்கள்.

பிரித்தறிய எளிய வழி கவனத்தைச் சோதிப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும். ‘ஆயா, சனிக்கிழமையிலிருந்து பின்னாடியே நாள் சொல்லு’ என்று கேளுங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று வந்து நடுவில் எங்கேயோ தொலைந்துபோகிறாரா? போன வாரம் சொன்னவர் இந்த வாரம் தொலைகிறாரா? காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம் என்று ஒரே நாளில் ஏறி இறங்குகிறதா? மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். இரண்டு நாளில் வந்தது மறதி நோய் இல்லை. அங்கே முதல் கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எந்த மருந்து புதிதாக வந்தது, எதன் டோஸ் கூடியது, எது திடீரென்று நின்றது என்பது. அடுத்தது காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலம் கட்டியிருப்பது, சர்க்கரை அளவு, சோடியம்.

சோடியம் என்றதும் நம் மாதிரி ஆயாவுக்குத் திரும்புவோம். அவர் சாப்பிடும் எஸ்சிட்டலோபிராம் ஊமத்தை வகையில் சேராது. மனச்சோர்வு மருந்துகளில் முதியவர்களுக்கு ஓரளவு பொருந்தும் வகை. ஆனால் இந்த வகை மருந்துகள் உடம்பில் நீரைத் தேக்கி, ரத்தத்தில் உப்பின் அளவை இறக்கிவிடும். யாருக்கு அதிகம் இறங்கும்? வயதானவருக்கு, பெண்ணுக்கு, எடை குறைந்தவருக்கு, தயசைடு மாத்திரை சாப்பிடுபவருக்கு. நம் ஆயாவிடம் நான்கும் உண்டு. சோடியத்தின் சரியான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். 130-க்குக் கீழே போனால் தள்ளாட்டம், குமட்டல், சோர்வு. 125-க்குக் கீழே குழப்பம், வலிப்புவரை போகலாம். மருந்து ஆரம்பித்த முதல் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள்தான் பெரும்பாலும் இறங்கும். அதனால் ஆரம்பிக்கும் முன் ஒரு சோடியம், இரண்டாவது வாரத்தில் ஒரு சோடியம், டோஸ் ஏற்றினால் மறுபடியும் ஒன்று. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, விழுந்து இடுப்பு உடைந்தால் ஆகும் செலவில் தூசு.

மெஃப்டால் ஸ்பாஸில் இருக்கும் வலி மருந்து எஸ்சிட்டலோபிராமோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வழி. ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கும் அப்படியே. தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுத்த மோஷன் வந்தால் அது அவசரம். (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதில் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது. தெரியாவிட்டால் அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.) டெல்மிசார்டான், தயசைடு, வலி மாத்திரை மூன்றும் ஒன்றுகூடினால் கிட்னியும் அடிவாங்கும். வலிக்குப் பாராசிட்டமால் இருக்கும்போது இவ்வளவு வம்பு எதற்கு?

இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால், அல்லது வலிக்கு டிரமடால் தந்திருந்தால், எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்து செரடோனின் மிதமிஞ்சலாம். ஊமத்தை வகை விஷமும் இதுவும் இரண்டுமே குழப்பம், காய்ச்சல், படபடப்பு என்றுதான் வரும். தோலைத் தொட்டால் வித்தியாசம் தெரியும். ஊமத்தை வகையில் தோல் காய்ந்திருக்கும், மோஷன் கட்டியிருக்கும். செரடோனினில் வியர்த்து நனைந்திருப்பார், பேதி போகும், கால் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். இரண்டுக்குமே 108.

கத்திரி

மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. சிமென்ட் ஷீட் போட்ட இல்லமென்றால் ராத்திரி பத்து மணிக்கும் கூரை அனல் இறக்கும். உடம்பைக் குளிர்விக்க நமக்கு இருக்கும் முக்கியமான வழி வியர்வை; வியர்வைச் சுரப்பியைத் திறப்பதும் அசிடைல்கோலின்தான். ஆகவே மதிப்பெண் கூடிய ஒருவர், மற்றவர்கள் வியர்த்துக் கொட்டும் அறையில் காய்ந்த தோலோடு உட்கார்ந்திருந்தால் அது நல்ல உடம்பு இல்லை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் தொட்டுப் பாருங்கள். காய்ந்து, சூடாக, முகம் சிவந்து, பேச்சு குழறினால் ஈரத்துணி, மின்விசிறி, நிழல், 108, இந்த நான்கும் ஒரே நேரத்தில். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

பங்குனி முடிவதற்குள் இல்லத்தில் இருக்கும் எல்லார் சீட்டையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். வெயிலுக்கென்று சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்சிட்டலோபிராமும் தயசைடும் சாப்பிடுபவருக்கு அதுவே சோடியத்தை இன்னும் இறக்கும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கூழ் கலந்து கொடுங்கள். இதய வீக்கத்துக்கு உப்பும் நீரும் அளந்து தருபவர்களுக்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

அழுகிற ஆயாவுக்கு மாத்திரையே வேண்டாமா

வேண்டியவர்களுக்கு வேண்டும். மனச்சோர்வு முதியவர்களைச் சாகடிக்கிற நோய். சாப்பிடுவதை நிறுத்துவார்கள், மருந்தை மறுப்பார்கள், உயிரை வெறுப்பார்கள். வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 1000 பேரிடம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில் 12.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அதே ஆய்வில், பசியோடு இருந்தவர்களுக்கும், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் அது அதிகம். மனம்விட்டுப் பேச ஆள் இருந்தவர்களுக்கு மிகக் குறைவு. பசியும் பேச்சுத் துணையும் மெடிக்கலில் விற்பதில்லை. இல்லத்தின் சமையலறையிலும் திண்ணையிலும் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

வந்த முதல் மாதம் அழுவது வீட்டை விட்ட துக்கம். அதற்கு உடனே மாத்திரை எழுதிவிடுகிறார்கள். அது எட்டு மாதம் கழித்தும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். 15 கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவை வாய்விட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். 5-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பி12 குறையும். அந்தச் சோர்வு, அந்தக் கால் எரிச்சல் இரண்டுக்குமே அதுவே காரணமாக இருக்கலாம்.

மறதி நோய் உள்ளவர்களின் சோர்வு வேறு கணக்கு. பிரிட்டனில் அல்சைமர் நோயாளிகள் 326 பேரிடம் செர்ட்ரலின், மிர்ட்டசபின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகளை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு 2011-இல் வந்த ஆய்வில், இரண்டுமே வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. பக்கவிளைவு மட்டும் கூடுதல்.

தருவதென்றால் பாதியில் ஆரம்பிக்க வேண்டும். செர்ட்ரலின் 25, எஸ்சிட்டலோபிராம் 5. முதியவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் 10-ஐயும், சிட்டலோபிராம் 20-ஐயும் தாண்டக் கூடாது. தாண்டினால் இதயத் துடிப்பின் தாளம் கெடும் என்பதால் 2011-இலிருந்து இந்த வரம்பு. தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் இரவில் மிர்ட்டசபின் 7.5 பல மருத்துவர்களின் தேர்வு. பசி சிரப்பைவிட அது நேர்மையான வழி. பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகும். பத்து நாளில் ‘கேக்கல’ என்று டோஸ் ஏற்றுவதும், இன்னொன்றைச் சேர்ப்பதும் தவறு. தூக்கத்துக்காகவும் வலிக்காகவும் தரும் அமிட்ரிப்டிலின் 10 மனச்சோர்வுக்கு வைத்தியமே அல்ல. அந்த வகை மாத்திரை மொத்தமாக உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடும். அலமாரிக்குப் பூட்டு வேண்டும், யார் கையிலும் முழு அட்டை போகக் கூடாது.

எந்த மனச்சோர்வு மருந்தானாலும் முதல் நாலு வாரம் விழுகிற காலம். பிரஷரை உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை பாருங்கள். எழுப்பி நிற்கவைத்து, ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நோட்டில் சிவப்பில் எழுதி அன்றே சொல்லுங்கள். ‘கிறுகிறுன்னு வருது’ என்று ஆயா சொன்னால் எண் இறங்காவிட்டாலும் எழுத வேண்டும். ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

மஞ்சப்பையும் நிறுத்துகிற முறையும்

மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு மஞ்சப்பையில் அலமாரியில் அவர் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் போடுங்கள்: சிரப், கண்ணுக்கு விடும் சொட்டு, இன்ஹேலர், தைலம், சூரணம், மகள் வாங்கிவந்தது, பக்கத்துக் கட்டில் ஆயா கொடுத்தது. மெடிக்கலில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் தேதியும் மற்ற துண்டோடு போய்விடும். பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதன் கீழோ பின்புறமோ பொடி எழுத்தில் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு வேளையும் விழுவது இந்தப் பொடி எழுத்தைப் படிக்காததால்தான்.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மருந்து, அளவு, வேளை, எதற்காக, யார் எழுதியது, எப்போது ஆரம்பித்தது, எப்போது மறுபார்வை. ‘எதற்காக’ என்ற கட்டம் காலியாக நிற்கும் மருந்துதான் முதலில் கேட்க வேண்டியது.

குறைக்கும்போது அவசரம் ஆகாது. அவ்வப்போது போடும் சளி மாத்திரை, வயிற்று முறுக்கு மாத்திரை இவற்றை அன்றே விடலாம். தினமும் போடுவதை ஒவ்வொன்றாகத்தான், மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான். மாதக்கணக்கில் சாப்பிட்ட மருந்தென்றால் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி குறைப்பது பொதுவான அளவு. மனச்சோர்வு மருந்துகளில் பராக்ஸிட்டின், வென்லஃபாக்ஸின் இரண்டும் நிறுத்தினால் அதிகம் படுத்தும்: தலை கிறுகிறுப்பு, ஷாக் அடித்த மாதிரி வெட்டு, குமட்டல், தூக்கமின்மை. அதைப் பார்த்து ‘நோய் திரும்பிவிட்டது’ என்று மறுபடி முழு டோஸுக்குப் போவார்கள். நின்ற இரண்டு மூன்று நாளில் வந்தால் பெரும்பாலும் அது நிறுத்தியதன் விளைவு. நோய் திரும்ப வாரங்கள் ஆகும். ‘ஒருநாள் விட்டு ஒருநாள் போடு’ என்ற வழக்கமான யோசனை இந்த மருந்துகளுக்குச் சரிவராது, ரத்தத்தில் அளவு ஏறி ஏறி இறங்கும். தினமும் குறைந்த அளவே மேல். கேப்ஸ்யூலையும், மெதுவாகக் கரையும் மாத்திரையையும் உடைக்கக் கூடாது.

திட்டமிடாமல் நிற்பதுதான் இல்லங்களில் அதிகம். மாத்திரை வெள்ளிக்கிழமை தீரும், மகன் திங்கட்கிழமைதான் வருவார். ஒவ்வொருவருக்கும் ஏழு நாள் கையிருப்பு இருக்கும்போதே போன் செய்துவிட வேண்டும்.

நம் ஆயாவின் மஞ்சப்பை வீடு திரும்பும்போது எப்படி இருக்கலாம்? சளி மாத்திரை, இருமல் சிரப், மெஃப்டால் ஸ்பாஸ், பசி சிரப் நான்கும் வெளியே. மூக்கொழுகலுக்கு ஆவி, வலிக்குப் பாராசிட்டமால் 500. நரம்பு கேப்ஸ்யூலுக்குப் பதிலாகத் தனிப் பிரிகாபலின், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்து அளவு குறித்து. பி12 சோதனைக்குச் சீட்டு. பிரஷருக்குத் தயசைடு இல்லாத மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் இப்போதைக்கு அப்படியே. அழுகை நின்று பல மாதம் ஆகிவிட்டதா என்று அடுத்த முறை கேட்டு, குறைப்பதா என்று முடிவு. ஊமத்தைக் கணக்கு 11-இலிருந்து பூஜ்யம். கட்டத்தின் கடைசிப் பத்தியில் இரண்டு தேதி: 14-ஆம் நாள் சோடியம், 28-ஆம் நாள் எடை. அதுவரை களி ஒரு கை உருட்டிக் கொடுத்துப் பார்த்து, எத்தனை உருண்டை இறங்கியது என்று நோட்டில் எழுதி வாருங்கள்.